சண்டைக்காரர் பக்கத்து இருக்கை

பேருந்தில் ஏறியதும் அவர் உட்கார மாட்டார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே மெதுவாக நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவார். ஜன்னலோரம் காலியாக இருக்கும். முன்வரிசையில் காலை நீட்டிக்கொள்ள இடமிருக்கும். அவர் வயதுக்கு யாரும் எழுந்து இடம் கொடுப்பார்கள். அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. அந்த வருடம் முழுக்கத் தன்னோடு அதிகமாகச் சண்டை போட்ட ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவார். கண்டதும், "கொஞ்சம் நகரு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வண்டி கிளம்பிவிட்டால் அந்த ஆளுக்குத் தப்ப வழியில்லை.

நிர்வாகம் இதைக் குழுப் பயிற்சி முகாம் என்கிறது. எங்களுக்குக் கம்பெனி டூர். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு நாள். பெரும்பாலானோர் தூங்குவதற்கும், போட்டோ எடுப்பதற்கும், மேலாளரைப் பாட வைத்துச் சிரிப்பதற்கும் வருகிறார்கள். அவர் வருவது சண்டையை முடித்துவிட்டுப் போக. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "சண்டை போட்டவங்ககிட்டதான் பேச விஷயம் இருக்கும். சமாதானமா இருக்கறவங்ககிட்ட என்னத்தப் பேசறது? வெயில் ஜாஸ்தி, மழை ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார்.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள். நான் புகார் தொலைபேசியில் உட்கார்கிறேன். அவர் கீழ்த்தளத்தில் உதிரிபாக அறைக்குப் பொறுப்பாளர். எல்லோருக்கும் ஸ்டோர்ஸ் அக்கா. கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல், அதன் முன்னால் முழங்கைகள் பட்டுப்பட்டுப் பளபளப்பான ஒரு பலகை, அதற்குப் பின்னால் அவர். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறி இருக்கும். அதைத் தேடுவதில் அவருடைய நாளின் ஒரு பகுதி போகும். மெக்கானிக்குகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எவன் எந்தப் பாகத்தை அதிகம் வீணடிக்கிறானோ அதுதான் அவன் பெயர். "ஃப்யூஸு வந்துட்டான், வாப்பா. நேத்துக் குடுத்ததை என்ன, வறுத்துத் தின்னுட்டியா?" என்று ஜன்னல் வழியே குரல் வரும். ஃப்யூஸ் என்கிற அந்தக் கனத்த மனிதர் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்.

சண்டைகளுக்கெல்லாம் வேர் அவருடைய ஒரே ஒரு சட்டம். பழைய பாகத்தைக் கொடுத்தால்தான் புதிய பாகம். "பழசு எங்க?" என்பார். காலை வணக்கம், சாப்பிட்டாயா எல்லாம் அதற்குப் பிறகுதான். முன்பு இருந்தவர் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, பாதிச் சாமான் வெளியே காணாமல் போயிருந்ததாம். இவர் வந்துதான் அந்த ஓட்டையை அடைத்தார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு; நிர்வாகத்துக்கும் உண்டு. கொடுத்த பழைய பாகங்கள் கொல்லைப்புறத்து டிரம்மில் விழும். டிரம் நிறைந்தால் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போவார்.

இத்தனை சத்தம் போடுகிறவருக்கு வீட்டில் சண்டையே கிடையாது. "எங்க வீட்டு மனுஷன் நான் கத்தினா சிரிக்கறாரும்மா. சுவத்துல பந்து அடிச்சாலும் திரும்பி வரும். இவருகிட்ட அடிச்சா அப்படியே உள்ள போயிடும். அதான் இங்க வந்து போடறேன்" என்பார். கணவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். டூருக்குக் கிளம்பும் காலையில் பை தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்டு எங்கள் ஓட்டுநரிடம் டயரைக் காட்டி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்.

அவர் பக்கத்தில் உட்கார வேண்டிய பாக்கியம் எனக்கும் ஒரு வருடம் வாய்த்தது. நான் ஒரு கட்டடத்தின் பெயரைத் தவறாக எழுதி, பாகம் வேறெங்கோ போய், அவர் மேல் பழி வந்த வருடம். போகும் வழியெல்லாம் திட்டினார். திரும்பும் வழியில் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினார். போன வருடக் கடைசியில் என் அண்ணன் இறந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் இரண்டு வார்த்தை சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. ஸ்டோர் கதவைத் திறந்து விட்டு, "ரேக்குக்குப் பின்னாடி ஸ்டூல் கிடக்கு. அங்க யாரும் வரமாட்டாங்க. அழுதுட்டு வா" என்றார். இந்த டூருக்கு வரவில்லை என்று நான் சொன்னபோதும் அவர்தான் மேலே ஏறி வந்தார். "வீட்ல இருந்து செவுத்தப் பாக்கறதுக்கு, வண்டில இருந்து ஜன்னலப் பாரு. ஜன்னலாவது நகரும்." அதனால் போனேன். அதனால்தான் நடந்ததைப் பார்த்தேன்.

இந்த வருடம் அவர் தேடியது ஆறாம் மாடியை. எங்கள் மெக்கானிக்குகளில் இளையவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தான் பரிசோதிக்காத லிஃப்டில் ஏற மாட்டேன் என்று ஆறு மாடி நடந்தே போனவன், பெயர் ஒட்டிக்கொண்டது. அதிகம் பேசமாட்டான். பொய் சுத்தமாக வராது.

நான்கைந்து மாதங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவுப் பூட்டு தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டும் என்று அவன் ஸ்டோருக்கு வந்தான். அக்கா வழக்கம்போல, "பழசு எங்க?" என்றார். அதைக் கழற்றினால் புதியது மாட்டும்வரை லிஃப்ட் ஓடாது, நான்காம் மாடியில் நோயாளி இருக்கிறார், மருத்துவமனைக்குப் போக வர வேண்டும், அதனால் புதியதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும் என்றான். அக்கா சட்டத்தைச் சொன்னார். அவன் திரும்பவும் சொன்னான். அவர் ஜன்னலைச் சாத்தினார். அவன் போய்ப் பழைய பூட்டையே துடைத்து மாட்டினான். அன்று பிற்பகல் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரு வயதான அம்மாள். முதல் அழைப்பை எடுத்தவள் நான்தான். அவரை நல்லபடியாக வெளியே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குடியிருப்பு எங்களை விட்டுப் போனது. விசாரணையில், விதிப்படி பழைய பாகத்தைக் கொடுக்காதது மெக்கானிக்கின் தவறு என்று முடிந்தது. அவனுக்கு வரவிருந்த தலைமை மெக்கானிக் பொறுப்பு வரவில்லை.

அவன் ராஜினாமா கொடுத்துவிட்டான். இந்த மாதக் கடைசியோடு போகிறான். புது வேலை தொலைவில் வேறு ஊரில். மனைவி மாசமாக இருக்கிறாள். அம்மா வீட்டுப் பக்கத்தை விட்டு அவளுக்குப் போக மனமில்லை. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தன் சட்டம் சரி என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று அவருடைய கணவர் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார்.

"கொஞ்சம் நகரு தம்பி" என்றார் அக்கா.

அவன் நகரவில்லை. எழுந்தான். மேலே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, அவர் முழங்காலில் இடிக்காமல் கவனமாக வெளியே வந்து, கடைசி நீள இருக்கைக்குப் போய் உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் அப்படி யாரும் எழுந்து போனதில்லை. அக்கா உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் கைப்பையைக்கூட வைக்கவில்லை. நான் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார்.

விடுதி ஏரிக்கரையில் இருந்தது. மூன்று மாடி. நிறுவனம் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் ஏரி அல்ல; அங்குள்ள லிஃப்ட் எங்கள் பராமரிப்பில் இருக்கிறது, அதனால் அறைகளுக்குச் சலுகை. அதில் ஒரு சிக்கல். வரவேற்பறையில் சாவி வாங்குவதற்கு முன்பே மெக்கானிக்குகள் எல்லோரும் லிஃப்ட் முன்னால் கூடி, கதவு திறந்து மூடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கைக்குழந்தையின் இருமலைக் கேட்பதுபோல. பயிற்சியாளர் விசிலடித்து அவர்களைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பயிற்சியாளர் உற்சாகமான மனிதர். காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார். விற்பனைப் பிரிவு தலை உயரத்துக்குக் கட்டிப் பரிசு வாங்கியது. மெக்கானிக்குகளின் கோபுரம் இரண்டு அடுக்கோடு நின்றது. தரை மட்டமில்லை, முதலில் தரையைச் சரிசெய்ய வேண்டும் என்று அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கணக்குப் பிரிவோடு சேர்ந்து கோப்பை அடுக்கினார். கை அடுக்கியது, கண் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. ஆறாம் மாடி அங்கே சுவரில் சாய்ந்து நின்றான். மதியச் சாப்பாட்டில் அவன் மேசைக்குத் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போனார். அவன் கும்பிடு போடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "திட்டினாக்கூடப் பரவாயில்ல. விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி பேசறான்" என்றார் என்னிடம்.

மாலையில் விடுதித் தாழ்வாரத்தில் தேநீர். ஆறாம் மாடி கரையோரம் தனியாக நடந்துகொண்டிருந்தான். மெக்கானிக்குகள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பழைய கதைகள் பேசினார்கள். அக்காவும் நானும் அருகில் இருந்தோம். எங்கிருந்தோ பேச்சு ஒரு ரோலருக்கு வந்தது. கதவு ஓடும் சின்னச் சக்கரம். அதன் பெயரைச் சொன்னதுமே எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. என்ன என்று அக்கா கேட்டார். டூர் தானே, இனி என்ன என்று ஃப்யூஸ் உண்மையைச் சொல்லிவிட்டார்.

பழைய பாகம் இல்லாமல் புதியது வேண்டுமென்றால் அவர்கள் கொல்லைப்புறத்து டிரம்மில் கையை விடுவார்களாம். கிடைத்த செத்த பாகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து ஜன்னலில் நீட்டுவார்களாம். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டுப் புதியதைக் கொடுத்து, பழையதைத் திரும்ப டிரம்மில் போடுவார். அடுத்த ஆள் அதையே எடுத்து வருவான்.

"அந்த ஒரு ரோலர் எங்க எல்லாருக்கும் சோறு போட்டிருக்குக்கா" என்றார் ஃப்யூஸ்.

முதலில் சிரித்தவர் அக்காதான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அதானே பாத்தேன். ஒரு மூலை உடைஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும், எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு நினைப்பேன்." கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாருமா இப்படி?"

"எல்லாரும்தான்" என்றார் ஃப்யூஸ். பிறகு ஏரிப் பக்கம் பார்த்தார். "அவன் ஒருத்தனைத் தவிர. எவ்ளவோ சொன்னோம், டிரம்லேருந்து ஒண்ண எடுத்துட்டுப் போய்க் குடுடான்னு. கேக்கல."

அக்காவின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த விசிறியை அணைத்தது போல, மெதுவாகச் சுற்றி நின்றது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, என்னோடு எங்கள் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து காலில் இருந்த காலுறையைக் கழற்றினார், திரும்பவும் மாட்டினார்.

"என் சட்டம் யாரைப் புடிச்சிருக்குன்னு பாத்தியா? பொய் சொன்னவனெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டான். நெஜம் சொன்னவன் மூஞ்சில ஜன்னலச் சாத்தியிருக்கேன்." கொஞ்சம் கழித்து, "பழசு எங்கன்னு கேக்கத் தெரிஞ்சுது. அது லிஃப்ட்ல எங்க இருக்கும்னு கேக்கத் தெரியல" என்றார்.

மறுநாள் காலை நிறைவுக் கூட்டம். மேலாளர் ஒவ்வொருவராக எழுந்து, இந்த இரண்டு நாளில் இருந்து என்ன எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று சொல்லச் சொன்னார். நல்லதாக மட்டும் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஒற்றுமை, காற்று, ஏரி, சாப்பாடு என்று வந்துகொண்டிருந்தது. அக்காவின் முறை வந்தது. எழுந்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

எடுத்துப் போக எதுவுமில்லை, விட்டுவிட்டுப் போகத்தான் ஒன்று இருக்கிறது என்று தொடங்கினார். அன்றைக்கு அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றதற்கு மெக்கானிக் காரணமில்லை, தான்தான் காரணம் என்றார். அவன் வந்து விளக்கியதையும், தான் ஜன்னலைச் சாத்தியதையும், பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். விசாரணையில் இதைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்ததையும் சொன்னார். "கழட்டினா லிஃப்ட் நிக்கும்னு அவன் சொன்னான் சார். எனக்கு மண்டையில ஏறல. பல்பு மாதிரின்னு நினைச்சுட்டேன். கழட்டிட்டு வந்து புதுசு வாங்கிட்டுப் போக வேண்டியதுதானேன்னு."

மேலாளருக்குச் சங்கடம். மேடம், இதை ஆபீஸில் பேசிக்கொள்ளலாமே என்றார்.

"ஆபீஸ்ல பேசினா நடுவுல ஜன்னல் இருக்கும் சார். இங்க இல்ல. இதுக்குத்தானே இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் டிரம் கதையைச் சொல்லவில்லை, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஃப்யூஸ் தானாக எழுந்தார். தன் பங்கைச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இன்னும் இருவர். பயிற்சியாளர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, இது தன் திட்டத்தில் இல்லையே என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த விசாரணையைத் திரும்ப எடுப்பதாகவும், தலைமை மெக்கானிக் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். கைதட்டுவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆறாம் மாடி குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. அக்காவும் நானும் பெட்டி எடுக்க மாடிக்குப் போக நடைக்கூடத்தில் வந்தோம். லிஃப்ட் அருகில் அவன் நின்றிருந்தான். வழி விடுவான் என்று நினைத்தேன். விடவில்லை.

"பல்பு மாதிரின்னா நினைச்சீங்க?" என்றான்.

நம்ப முடியாத குரல். கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் சிரிப்பு ஒன்று மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அவன் அவரிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு.

"பின்ன? பெட்டில வருது, பெட்டில போகுது. இவ்ளோ வருஷமா எடுத்துக் குடுக்கறேன். ஒண்ணக்கூட மாட்டியிருக்கற எடத்துல பாத்ததில்ல."

அவன் விடுதி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லிஃப்டுக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொன்னான். லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றது. படியேறி முதல் மாடிக்குப் போனோம். கால்சட்டைப் பையிலிருந்து முக்கோணத் தலை வைத்த சாவியை எடுத்துக் கதவின் மேல் துளையில் விட்டுத் திருப்பினான். கதவு ஓரடி அகலத்துக்கு விலகியது. உள்ளே இருட்டு. எண்ணெய் வாசனையோடு குளிர்ந்த காற்று மேலே வந்தது. அக்கா இரண்டடி பின்வாங்கினார்.

அவன் ஒரு கையால் சுவரைப் பற்றி, டார்ச்சை உள்ளே மேல்நோக்கி அடித்தான். கதவுக்கு மேலே பூட்டின் கொக்கி எங்கே விழுகிறது, அது சரியாக விழுந்தால்தான் லிஃப்ட் நகரும், இல்லையென்றால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும் என்று விளக்கினான். ஒவ்வொரு மாடியிலும் ஒன்று. அதில் ஒன்றைக் கழற்றினாலும் முழு லிஃப்டும் உட்கார்ந்துவிடும். இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. அக்கா கழுத்தை நீட்டி நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். அங்கிருந்து சுவர்தான் தெரியும்.

"அடுத்த மாசம் இதுல புது மாடல் வருதாமே. ஸ்டாக் சொல்லி வெச்சுட்டீங்களா?" என்றான், டார்ச்சைத் திருப்பாமல்.

அடுத்த மாதம் என்றான். எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது.

"அடுத்த மாசம் நீ இருப்பியா?"

"முதல்ல இதப் பாருங்க" என்றான். "அங்கேருந்து தெரியாது. கிட்ட வாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, விழுந்துவிடாமல் இருக்க என் கையில் கொடுத்தார். பிறகு அது இல்லாமல் ஒன்றும் தெரியாது என்று நினைவு வந்து, திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார். கைப்பையை என் தோளில் தொங்கவிட்டார். அவன் கால்களை அகட்டி வைத்து, சுவரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான். அவர் அவனுடைய சட்டைக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஓரம்வரை போய், இருட்டுக்குள் தலையை நீட்டினார்.